கங்கையில ஓடுறது பனியா மழையா? கோமுக்ல இருந்து வங்கக்கடல் வரைக்கும் ஒரு எளிய விளக்கம்

"இமயமலையில பனி உருகி முடிஞ்சிடுச்சுன்னா கங்கை வத்திடும்"னு ஒரு பேச்சு ஒவ்வொரு கோடையிலயும் சுத்துது. சொல்றவங்க அக்கறையில தான் சொல்றாங்க, ஆனா அந்த ஒரு வரிக்குள்ள ரெண்டு மூணு வேற வேற விஷயம் கலந்து கிடக்கு. நம்ம பள்ளிக்கூடத்துலயே அப்படித்தானே படிச்சோம், வடக்க இருக்குற ஆறெல்லாம் பனியால ஓடுது அதனால ஜீவநதி, தெக்க இருக்குற காவிரி வைகையெல்லாம் மழையை நம்புது அதனால வத்துதுன்னு. அதுல பாதி தான் சரி. போதாக்குறைக்கு 2007-ல ஐ.நா.வோட காலநிலைக் குழு அறிக்கையிலயே 2035-க்குள்ள இமயமலைப் பனியெல்லாம் காணாமப் போக வாய்ப்பு ரொம்ப அதிகம்னு ஒரு வரி வந்துடுச்சு, அதுக்கு சரியான ஆதாரம் இல்லன்னு 2010 ஜனவரியில அவங்களே வருத்தம் தெரிவிச்சாங்க, ஆனா அந்த 2035 மட்டும் இன்னும் ஆளாளுக்கு சொல்லிக்கிட்டே இருக்காங்க.

பனி உருகுறது உண்மை, ஆபத்தும் உண்மை. ஆனா அது யாரை, எந்த ஊர்ல, எந்த மாசத்துல அடிக்கும்ங்கிறதுக்கு பதில் வேணும்னா கங்கையை மேல இருந்து கீழ வரைக்கும் ஒருதடவை நடந்து பாக்கணும்.

மூணு வரவு

ஒரு விவசாயக் குடும்பத்தை எடுத்துக்கோங்க. வருஷத்துக்கு ஒருதடவை நெல்லு வித்த காசு வரும், அது தான் பெரிய தொகை. வீட்டுல ஒரு கறவை மாடு நிக்குது, அதுல பால் ஊத்தி வர்ற காசு சின்னது தான், ஆனா அறுவடைக்கு முன்னாடி கையில எதுவும் இல்லாத மாசத்துல அது தான் அடுப்பெரிய வைக்கும். மூணாவது, குதிர்ல கொட்டி வச்ச நெல்லு, வெளிய இருந்து பாத்தா தெரியாது, ஆனா வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா எடுத்து சாப்பிடுறது அதைத்தான்.

கங்கைக்கும் இதே மாதிரி மூணு வரவு. பருவமழை தான் நெல்லு வித்த காசு. மலை மேல உருகுற பனி பால் காசு. மண்ணுக்குள்ள இறங்கி நின்ன தண்ணி குதிர் நெல்லு. இந்த மூணுல எது பெருசுன்னு கேட்டா மழை. ஆனா எது முக்கியம்னு கேட்டா ஊரைப் பொறுத்தும் மாசத்தைப் பொறுத்தும் பதில் மாறிக்கிட்டே இருக்கும்.

பனியாறுன்னா என்ன?

கிளேசியரைத் தமிழ்ல பனியாறுன்னு சொல்றோம். ரொம்ப உயரமான இடத்துல விழுற பனி கோடையிலயும் முழுசா உருகாம மிஞ்சிடுது, அடுத்த வருஷப் பனி அது மேல விழுது, அதுக்கு மேல இன்னொரு வருஷம். இப்படி அடுக்கு அடுக்கா ஏறி கீழ இருக்குற பனி நசுங்கி நசுங்கி கெட்டி ஐஸ் ஆயிடுது. அந்த ஐஸ் போதுமான கனத்துக்கு வந்ததும் தன்னோட எடையாலயே பள்ளத்தாக்கு வழியா மெதுவா கீழ நகர ஆரம்பிக்கும். நகர்ந்தா தான் அது பனியாறு, சும்மா மலை மேல படிஞ்சு கிடக்குற பனி பனியாறு இல்ல.

கீழ வர வர சூடு ஏறும், ஒரு இடத்துல மேல இருந்து வர்ற ஐஸும் உருகிப்போற ஐஸும் சமமா நிக்கும், பனியாறு அங்க முடியும். அந்த முடியுற இடத்தை முனைன்னு வச்சுக்குவோம். கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம், அதோட முனை தான் நம்ம எல்லாரும் கேள்விப்பட்ட கோமுக், கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம், கங்கோத்ரி கோயில்ல இருந்து 18 கிலோமீட்டர் நடை.

"கங்கோத்ரி பனியாறு பின்னாடி போகுது"ன்னு செய்தியில படிச்சதும் ஐஸ் மலை ஏறிப் போற மாதிரி நிறைய பேர் நினைச்சுக்குறாங்க. ஐஸ் எப்பவும் கீழ தான் வருது, வர்ற வேகத்தை விட உருகுற வேகம் ஜாஸ்தியாகும்போது முனை மட்டும் வருஷா வருஷம் மேல தள்ளி அமையுது. கங்கோத்ரியில சமீப பத்தாண்டுகள்ல அது வருஷத்துக்கு சுமார் 20 மீட்டர் அளவுல நடந்திருக்கு. 30 கிலோமீட்டரை 20 மீட்டரால வகுத்து "இன்னும் 1,500 வருஷம் தாங்கும்"னு நிம்மதியா கணக்கு போடுறவங்களும் உண்டு, அதுவும் தப்பு, ஏன்னா பனியாறு நீளத்துல மட்டும் குறையல, கனத்துலயும் மெலிஞ்சுக்கிட்டே வருது.

கோமுக்ல தண்ணி எப்படி இருக்கும்னா தெளிவா இருக்காது, சாம்பல் கலந்த பால் மாதிரி கலங்கி இருக்கும். ஐஸ் நகரும்போது அடியில பாறையை அரைச்சு மாவாக்கிடுது, அந்தப் பாறை மாவு தான் அந்த நிறத்துக்குக் காரணம். இன்னொண்ணும் கவனிக்கலாம், காலையில ஓடை சின்னதா இருக்கும், மதியம் தாண்டி சாயங்காலம் ஆக ஆக பெருகிடும், வெயில்ல உருகினது வந்து சேர அவ்வளவு நேரம் ஆகுது. அதனால தான் பனிமலைப் பக்கம் நடக்குறவங்க ஓடையைக் கடக்கணும்னா விடியக்காலையிலயே கடந்துடுவாங்க.

இதுவரைக்கும் பாத்தது: பனியாறுங்கிறது நகர்ற ஐஸ். மேல சேர்றதும் கீழ உருகுறதும் தான் அதோட வரவு செலவு, செலவு கூடினா முனை பின்னாடி போகும், உடம்பும் மெலியும்.

கோமுக்ல இருந்து ஹரித்வார்: செங்குத்தா இறங்குற ஆறு

கோமுக்ல இருந்து வர்ற ஆறுக்குப் பேர் பாகீரதி. பத்ரிநாத் பக்கம் சதோபந்த், பகீரத் கரக்னு ரெண்டு பனியாறுகள்ல இருந்து வர்றது அலக்நந்தா. இந்த அலக்நந்தாவுல வழியில விஷ்ணுபிரயாக்ல தௌலிகங்கா, நந்தபிரயாக்ல நந்தாகினி, கர்ணபிரயாக்ல பிண்டர், ருத்ரபிரயாக்ல மந்தாகினின்னு ஒவ்வொண்ணா வந்து சேரும். கடைசியா தேவ்பிரயாக்ல பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ற இடத்துல இருந்து தான் அதுக்கு கங்கைன்னு பேர். மரபுப்படி பாகீரதி தான் தாய் ஆறு, ஆனா தேவ்பிரயாக்ல அதிகத் தண்ணி கொண்டு வர்றது அலக்நந்தா. சங்கமத்துல நின்னு பாத்தா ரெண்டு நிறம் கொஞ்ச தூரம் ஒட்டாம ஓடுறது கண்ணுக்கே தெரியும். மழைக்காலத்துல அலக்நந்தா சேறா வரும், பாகீரதி பச்சையா வரும், ஏன்னா மேல 260 மீட்டர் உயர டெஹ்ரி அணையில பாகீரதியோட மண்ணெல்லாம் தங்கிடுது.

கோமுக்ல 4,000 மீட்டர் கிட்ட இருந்த ஆறு சுமார் 300 கிலோமீட்டர்ல ஹரித்வார் வரும்போது 314 மீட்டருக்கு இறங்கிடுது. இந்தச் சரிவு தான் மலைப்பகுதிக் கங்கையோட குணமே. வேகம், பெரிய பெரிய பாறைகளை உருட்டுற பலம், ரெண்டு பக்கமும் மலைச்சரிவு எப்ப வேணா பெயரக்கூடிய நிலைமை. 2013 ஜூன்ல கேதார்நாத்ல பெருமழையோட சோராபாரி ஏரியும் உடைஞ்சு வந்த வெள்ளம் இந்த மாதிரி பள்ளத்தாக்குல தான். 2021 பிப்ரவரி 7-ல சமோலியில நடந்ததை "பனிப்பாறை வெடிச்சது"ன்னு எல்லா சேனல்லயும் சொன்னாங்க, உண்மையில ரோண்டி மலையில இருந்து பாறையும் ஐஸுமா ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது, அதுல பெரும்பகுதி பாறை, விழுந்த வேகத்துல ஐஸ் உருகி சேறும் தண்ணியுமா ரிஷிகங்கா வழியா பாஞ்சுது. 200 பேருக்கு மேல போயிட்டாங்க. எதனால நடந்ததுன்னு சரியா சொன்னா தான் அடுத்த தடவை எங்க கவனிக்கணும்னு தெரியும், அதனால இதைக் கொஞ்சம் அழுத்தி சொல்றேன்.

தேவ்பிரயாக்ல ஒரு வருஷத்துக்கு ஓடுற மொத்தத் தண்ணியில பனியும் பனியாறும் உருகி வர்றது மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. அதாவது இவ்வளவு மேல நின்னு பாத்தாலே மழையும் ஊத்தும் தான் பாதிக்கு மேல. ஆனா மழை வர்றதுக்கு முன்னாடி மே, ஜூன் மாசத்துல இதே இடத்துல உருகுதண்ணியோட பங்கு ரொம்ப ஏறிடும்.

சமவெளிக்கு வந்ததும் அது வேற ஆறு

ஹரித்வார்ல மலை முடியுது. அங்கயே தண்ணியைத் திருப்ப ஆரம்பிச்சிடுறாங்க. 1854-ல திறந்த மேல் கங்கைக் கால்வாய் அங்க இருந்து தான் கிளம்புது, வறண்ட மாசங்கள்ல ஆத்துல வர்ற தண்ணியில பெரும்பகுதி இந்தக் கால்வாய்க்குள்ள போயிடுது. இன்னும் கீழ நரோராவுல கீழ் கங்கைக் கால்வாய் வேற எடுக்குது. அப்போ கோமுக் பனியில உருகி வந்த தண்ணியில நிறைய பங்கு உத்தரப்பிரதேசக் கரும்பு வயல்லயும் கோதுமை வயல்லயும் தான் போய் நிக்குது. இதை யோசிச்சாலே பாதி குழப்பம் தீர்ந்துடும்.

அப்புறம் எப்படி பாட்னாவுல கரை தெரியாத அளவுக்கு ஆறு ஓடுது? துணையாறுகள் தான். பிரயாக்ராஜ்ல யமுனை சேருது. யமுனையும் யமுனோத்ரி பக்கம் பனியில பிறந்தது தான், ஆனா டெல்லிக்கு மேலயே அதையும் கால்வாய்க்குத் திருப்பிடுறாங்க, டெல்லியைத் தாண்டி வறண்டு அழுக்கா போற யமுனைக்குத் திரும்ப உயிர் குடுக்குறது மத்தியப்பிரதேசத்துல விந்திய மலையில பிறந்து வர்ற சம்பல். சம்பல், பெட்வா, கென் எதுலயுமே ஒரு சொட்டு பனித்தண்ணி கிடையாது, முழுக்க மழை ஆறு, நம்ம வைகை மாதிரியே. கோமதி ஆறு பிலிபித் பக்கம் தரையில ஊறி வர்ற ஊத்து. சோன் அமர்கண்டக்ல இருந்து வருது. வடக்க இருந்து காக்ரா, கண்டக், கோசி மூணும் இமயமலையில பிறந்து நேபாளம் வழியா வருது, இதுக்கெல்லாம் பனியும் உண்டு, ஆனா மலைச்சரிவுல பருவமழை கொட்டுற கொட்டுல தான் இதுங்க பெருசாகுது.

நம்ம ஊர்ல இருந்து காசி போறவங்க சின்ன செம்புல அடைச்சு கங்கைத் தண்ணி கொண்டு வர்றாங்கள்ல, அந்தச் செம்புல இருக்குறது பெரும்பாலும் மத்திய இந்தியாவோட மழையும் உத்தரப்பிரதேச மண்ணுல ஊறின தண்ணியும் தான், கோமுக் பனி அதுல ஒரு சின்னப் பங்கு. அதனால அதோட மதிப்பு குறையுதுன்னு எனக்குத் தோணல. பாதி இந்தியா ஒரு செம்புக்குள்ள இருக்குன்னு தான் தோணுது.

கோசியைப் பத்தி தனியா ஒரு வார்த்தை. மலையில அரைச்ச மண்ணையெல்லாம் அது அள்ளிக்கிட்டு வந்து பீகார் சமவெளியில திடீர்னு வேகம் குறைஞ்சதும் கொட்டிடுது, கொட்டின மண்ணாலயே தன்னோட பாதை மேடாகிப்போய் பக்கத்துல பள்ளம் தேடி விலகிடுது. 200 வருஷத்துக்கும் மேலான காலத்துல இப்படியே மேற்கால சுமார் 120 கிலோமீட்டர் நகர்ந்திருக்கு. 2008 ஆகஸ்ட்ல நேபாளத்துல குசஹா கிட்ட கரை உடைஞ்சு ஒரேயடியா கிழக்கால பழைய பாதைக்கே பாஞ்சுது, லட்சக்கணக்கான ஜனங்க வீடு வாசல் இழந்தாங்க. வண்டல் படிஞ்ச சமவெளியில ஆறு ஒரே கோட்டுல நிக்கும்னு எதிர்பாக்க முடியாது.

சரி, மொத்தத்துல பனிக்கு எவ்வளவு பங்கு?

ஒரு ஆத்துக்கு எந்தெந்த நிலத்துல விழுற தண்ணியெல்லாம் வந்து சேருதோ அந்த மொத்த நிலத்துக்கு வடிநிலம்னு பேர். கங்கையோட வடிநிலம் நேபாளத்தையும் சேத்தா 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல. அதுல பனியாறு மூடியிருக்குற பரப்பு நூத்துல ஒண்ணு அளவு தான். மிச்ச 99 பங்கு நிலத்துலயும் மழை விழுது.

2010-ல வந்த ஒரு ஆய்வு இதைக் கணக்கு போட்டுச்சு. மலைக்குக் கீழ சமவெளியில தானா உருவாகுற தண்ணியை 100-ன்னு வச்சா, மேல இருந்து வர்ற உருகுதண்ணி கங்கைக்கு 10, பிரம்மபுத்திராவுக்கு 27, சிந்துவுக்கு 151. அந்த 151-ஐ கவனிங்க, சிந்துச் சமவெளியில உருவாகுறதைப் போல ஒன்றரை மடங்கு தண்ணி மேல இருந்து உருகி வருது. ஒரே இமயமலை, ஏன் இப்படி வித்தியாசம்?

மாசத்துல இருக்கு விடை. பனியாறு ரொம்ப உருகுறது ஜூலை, ஆகஸ்ட்ல, அப்ப தான் மேல சூடு அதிகம். கங்கைப் பக்கம் அதே ஜூலை, ஆகஸ்ட்ல தான் பருவமழையும் கொட்டித் தீர்க்குது, வருஷத்துல கிடைக்குற தண்ணியில அஞ்சுல நாலு பங்கு மழைக்காலத்தோட நாலஞ்சு மாசத்துல வந்துடுது. நெல்லு வித்த காசு வந்த நாள்லயே பால் காசும் வந்தா அது கணக்குல தெரியுமா? அப்படித்தான் வெள்ளத்தோட வெள்ளமா பனித்தண்ணி கரைஞ்சுடுது. சிந்துப் பக்கம் பருவமழை எட்டிப் பாக்குறதே கொஞ்சம், அங்க குடும்பம் ஓடுறதே மாட்டை நம்பித்தான். அதனால "இமயமலை ஆறுகள்"னு எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டுறதை முதல்ல நிறுத்தணும்.

இன்னொரு சின்ன வேறுபாடு. போன குளிர்காலத்துல விழுந்த பனி ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் உருகும், இது வருஷா வருஷம் புதுசா வந்து புதுசா போறது. பனியாத்தோட பழைய ஐஸ் உருகுறது அதுக்கப்புறம். செய்தியில ரெண்டையும் ஒண்ணாவே சொல்லிடுறாங்க, ஆனா மே மாசம் ரிஷிகேஷ்ல ஓடுற குளிர்ந்த தண்ணியில பெரும்பங்கு போன குளிர்காலப் பனிக்கும் டெஹ்ரி அணையில திறந்து விடுறதுக்கும் சேரும்.

சுருக்கமா: மலையில பனி பெரிய ஆள், அதுவும் மழைக்கு முன்னாடி மாசங்கள்ல. பாட்னாவுல மழை தான் எல்லாம். சிந்துவோட கதை தனி.

கடலைச் சேர்ற இடம்

பாட்னாவே கடல் மட்டத்துல இருந்து 50 மீட்டர் சொச்சம் தான், அதுக்கப்புறம் சரிவே இல்லாம ஆறு அகலமா, சோம்பலா போகுது. மேற்கு வங்கத்துல ஃபராக்காவுல 1975-ல இருந்து ஒரு தடுப்பணை நிக்குது, 2 கிலோமீட்டருக்கு மேல நீளம். அங்க இருந்து 38 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி ஒரு பங்கு தண்ணியை ஹூக்ளி பக்கம் திருப்புறாங்க, கொல்கத்தா துறைமுகத்துல மண் மேடாகாம இருக்கணும்னு. அந்தக் கிளை சாகர் தீவு கிட்ட கடல்ல சேருது. பெரிய கிளை பத்மாங்கிற பேர்ல வங்கதேசத்துக்குள்ள போய் முதல்ல ஜமுனாவோட, அதாவது பிரம்மபுத்திராவோட சேந்து, அப்புறம் சாந்த்பூர் கிட்ட மேக்னாவோட சேந்து கடலுக்குப் போகுது.

ஆறு கடல்ல சேர்ற இடத்துல வேகம் செத்துப்போய் கொண்டு வந்த வண்டலையெல்லாம் படிய வச்சு உருவாக்குற நிலத்துக்கு டெல்டான்னு பேர். இந்த டெல்டா உலகத்துலயே பெருசு, கிட்டத்தட்ட 1 லட்சம் சதுர கிலோமீட்டர், அதோட கடலோர ஓரத்துல சுமார் 10,000 சதுர கிலோமீட்டருக்கு சுந்தரவனம். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேந்து வருஷத்துக்கு சுமார் 100 கோடி டன் வண்டல் கொண்டு வருது. கோமுக்ல பாத்த பாறை மாவும் இதுல உண்டு. டெல்டா மண் தானாவே அமுங்கிக்கிட்டு இருக்கும், புது வண்டல் வந்து மேல படிஞ்சா தான் கடலுக்கு மேல நிக்கும், அதனால அங்க இருக்குற கோடிக்கணக்கான ஜனங்களுக்குத் தண்ணி அளவுக்கு மண்ணும் முக்கியம். படியாத மிச்ச வண்டல் வங்கக்கடல் அடியில சறுக்கிக்கிட்டே போய் இலங்கைக்குத் தெக்க வரைக்கும், சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறி மாதிரி பரவிக் கிடக்கு. நம்ம கிழக்குக் கடலோட ஆழத்துல கிடக்குற சேறுல இமயமலை இருக்கு.

அப்போ கங்கை வத்துமா?

பனியாறு மெலியும்போது முதல்ல தண்ணி கூடும். மாட்டையே வித்துட்டா அந்த மாசம் கையில காசு நிறைய தெரியும், அடுத்த வருஷம் பாலும் இல்ல மாடும் இல்ல. உருகுதண்ணி ஏறி ஏறி ஒரு உச்சத்துக்கு வந்து அப்புறம் நிரந்தரமா குறையுற அந்தக் கட்டத்துக்கு உச்சநீர்னு பேர் வச்சுக்கலாம். இதனால முதல்ல அடிபடப் போறது உத்தராகண்ட், நேபாள மலைக் கிராமங்கள், அங்க இருக்குற சின்ன கால்வாய்ப் பாசனம், மின் திட்டங்கள், மே மாசத்துல ஹரித்வார் கால்வாயை நம்பியிருக்குற வயல்கள். இது சின்ன விஷயமே இல்ல.

ஆனா பாட்னாவுக்கும் கீழ, மழை இல்லாத மாசங்கள்ல ஆத்தைத் தாங்குறது குதிர் நெல்லு தான். மழைக்காலத்துல மண்ணுக்குள்ள இறங்கின தண்ணி அதுக்கப்புறம் மாசக்கணக்கா ஆத்துப் படுகைக்குள்ள கசிஞ்சு வந்துக்கிட்டே இருக்கும், இதை அடி ஓட்டம்னு சொல்லலாம். இமயமலை அடிவாரத்துல கூழாங்கல் படிஞ்ச பகுதியில சின்ன ஓடைகள் அப்படியே மண்ணுக்குள்ள மறைஞ்சு, கொஞ்சம் தெக்க தள்ளி தராய் சதுப்பு நிலத்துல திரும்ப ஊத்தா வெளிய வர்றதைக் கண்ணாலயே பாக்கலாம். இப்ப அந்தச் சமவெளி முழுக்க லட்சக்கணக்குல போர் போட்டு மோட்டார்ல இறைக்குறோம். நிலத்தடி மட்டம் ஆத்துப் படுகையை விடக் கீழ போயிட்டா கசிவு திசை மாறி, ஆத்துத் தண்ணி மண்ணுக்குள்ள போக ஆரம்பிச்சிடும். ஏப்ரல், மே மாசத்துல சமவெளிக் கங்கை மெலிஞ்சு தெரியுறதுக்கு இந்த மோட்டாரும் கால்வாயும் தான் பெரிய காரணம், பழியை மட்டும் 4,000 மீட்டர் உயரத்துல இருக்குற ஐஸ் மேல போட்டுடுறோம்.

ஃபராக்காவுல இந்தப் பிரச்சினை எண்ணாவே எழுதி வச்சிருக்கு. அந்தத் தடுப்பணையை நொடிக்கு 27 லட்சம் கனஅடி வெள்ளத்தைத் தாங்குற மாதிரி கட்டியிருக்காங்க. ஆனா 1996-ல இந்தியாவும் வங்கதேசமும் போட்ட கங்கை ஒப்பந்தம் பேசுறது ஜனவரி 1-ல இருந்து மே 31 வரைக்கும் வர்ற தண்ணியைப் பத்தி மட்டும் தான், அதுல 70,000 கனஅடி அல்லது அதுக்கும் கம்மியா வந்தா ஆளுக்குப் பாதின்னு இருக்கு. 27 லட்சத்துக்கும் 70,000-க்கும் நடுவுல இருக்குற தூரம் தான் மழைக்கும் மழையில்லாத மாசத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒப்பந்தத்துக்கு 30 வருஷக் கெடு, 2026 டிசம்பரோட முடியுது. அடுத்து உக்காந்து பேசுறவங்க பங்கு பிரிக்கப் போறது பெரும்பாலும் நேபாளத்து ஆறுகளோட அடி ஓட்டத்தையும் உத்தரப்பிரதேசமும் பீகாரும் இறைச்சது போக மிச்சம் விட்டதையும் தான்.